ரிஜிஸ்டர் அவுட்

"பந்து ரெண்டா தெரியுதுப்பா."

அப்பா போனில் இதைச் சொன்னது 2024 ஏப்ரல் முதல் வாரத்தில். ஐபிஎல் ஓடிக்கொண்டிருந்தது. பிப்ரவரிக் கடைசியில்தான் அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருந்தார்கள். நான் சென்னையில் ஒரு மீட்டிங் முடிந்து அடுத்த மீட்டிங்குக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். "ஆபரேஷன் பண்ணா கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும். சொட்டு மருந்தை ஒழுங்கா விடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். மொத்தம் ஒரு நிமிஷம்கூட இருக்காது.

அப்பா சிவகாசியில் ஆப்செட் மெஷின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷத்துக்கு மேல் நாலு கலர் மெஷின் முன்னால் நின்றவர். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று ஒவ்வொரு பிளேட்டும் ஒரு நிறத்தை அடிக்கும். நாலும் மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால்தான் காலண்டரில் முருகன் முருகனாக இருப்பார். கொஞ்சம் தள்ளினால் உதட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு உதடு முளைக்கும். அதற்குத்தான் 'ரிஜிஸ்டர் அவுட்' என்று பெயர். தாள் ஓரத்தில் இருக்கும் சின்னச் சிலுவைக் குறிகளை லென்ஸ் வைத்துப் பார்த்தே அவர் கண் பழகியது. இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் காலண்டரில் தேதியைப் பார்க்க மாட்டார். சாமியின் மூக்கு நுனியைத்தான் பார்ப்பார்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் நான் கண்ணைப் பற்றிப் பாடம் எடுத்தேன்.

டிவி நான் வாங்கிக் கொடுத்தது. 55 இஞ்ச். ஆபரேஷன் முடிந்து கண் தெளிந்ததைக் கொண்டாடுகிற மாதிரி ஒரு பரிசு. அத்தோடு டிஷ் இணைப்பையும் நிறுத்திவிட்டேன். இனிமேல் எல்லாம் இன்டர்நெட்டில்தான், மேட்ச்சும் ஆப்பில்தான் என்று அம்மாவுக்கும் அவருக்கும் ரிமோட் வகுப்பு நடத்தினேன். செட்டிங்ஸுக்குள் போய் அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை உச்சத்தில் வைத்ததும் நான்தான். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் சேர்ந்து ஒரு வீடியோவே போட்டார்கள்: வீட்டில் சினிமா பார்க்கும்போது இதைத் தயவுசெய்து அணைத்துவையுங்கள் என்று. படிக்கக் கிடைக்கும் யோசனைகளும் பெரும்பாலும் இதைத்தான் சொல்லும்: சினிமாவுக்கு அணை, விளையாட்டுக்குப் போடு. நான் அதை அப்படியே நம்பினேன்.

இரண்டு நாள் கழித்து அவர் மறுபடி சொன்னபோது வீடியோ காலில் வந்தேன். "மேட்ச்சை நிறுத்துங்க" என்றேன். அம்மா ரிமோட்டில் பாஸ் அழுத்தினாள். பந்து பிட்ச்சுக்கு நடுவில் அந்தரத்தில் நின்றது. "பாருங்கப்பா, ஒரு பந்துதான் இருக்கு." அப்பா டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "ஆமா, ஒண்ணுதான் இருக்கு" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும். அவர் பேப்பர் படிப்பதைக் குறைத்துக்கொண்டார். டிவிஎஸ் 50 சாவியை எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்து, "நீயே ஓட்டு, எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார். இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன் பேசி வைத்திருந்தோம். அது வேண்டாம் என்றார். "ஒண்ணு கெட்டது போதும்னு நினைக்கிறாருடா" என்றாள் அம்மா. மூன்று வாரம். ஒரு மனிதர் தன் கண் போய்விட்டது என்று நம்பிக்கொண்டு மூன்று வாரம் வாழ்ந்திருக்கிறார். நான் நிறுத்திக் காட்டிய அந்தப் படம்தான் அவருக்கு நிரூபணம்: டிவியில் ஒன்று இருக்கிறது, எனக்கு இரண்டு தெரிகிறது.

லீவு போட்டுவிட்டு மதுரைக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னார், மறு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னார், விளக்கடித்துப் பார்த்தார். "ஐயா, வேற என்னல்லாம் ரெண்டா தெரியுது? பஸ்ஸு? ஆளுங்க?"

"இல்லங்க. பந்து மட்டும்தான்."

"பேட்ஸ்மேன்?"

"ஒருத்தன்தான் நிக்கிறான்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஆபரேஷன் பண்ண கண்ணு நல்லா இருக்கு. நீங்க டிவி மெக்கானிக்கைப் பாருங்க."

அன்றைக்கு ராத்திரி மேட்ச்சில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, எப்படித் தெரிகிறது என்று முதல் தடவையாக ஒழுங்காகக் கேட்டேன். "ரிஜிஸ்டர் அவுட் மாதிரிப்பா. ஒரு பந்து கெட்டியா வருது. அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ இன்னொண்ணு மங்கலா நிக்குது. சில நேரம் பந்தே காணாமப் போயிட்டு பேட்டுகிட்ட வந்து முளைக்குது." என் போனில் ஸ்லோமோஷனைப் போட்டு, நொடிக்கு 240 படம் என்ற கணக்கில் டிவித் திரையைப் பிடித்தேன். ஓட்டிப் பார்த்தால் அவர் சொன்னது சொன்னபடி இருந்தது. ஒரு கெட்டிப் பந்து. தள்ளி, கரைந்துபோன இன்னொரு பந்து.

கணக்கு ரொம்ப எளிது. 140 கிலோமீட்டர் வேகத்தில் விட்ட பந்து நொடிக்குக் கிட்டத்தட்ட 39 மீட்டர் போகும். நொடிக்கு 25 படம் வந்தால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் பந்து ஒன்றரை மீட்டர் தாண்டியிருக்கும். கையிலிருந்து பேட்டுக்கு வருவதற்குள் பன்னிரண்டு, பதிமூன்று படம்தான் தேறும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் டிவி தானாகப் படம் வரைகிறது. முன் படத்தையும் பின் படத்தையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் எங்கே நகர்ந்தது என்று தேடி, நடுவில் எங்கே இருந்திருக்கும் என்று ஊகித்து ஒன்றைச் செருகும். மைதானம் மாதிரிப் பெரிய பரப்பு மெதுவாக நகர்ந்தால் அழகாக வரும். பந்து சின்னது. ஒரே தாவலில் ரொம்ப தூரம் போய்விடுகிறது. பின்னால் விளம்பரப் பலகையும் கூட்டமும். தேடுகிற தூரத்துக்குள் பந்து அகப்படவில்லை என்றால், இரண்டு படத்தையும் கலந்து அரைகுறையாக இரண்டு பந்தைப் போடும், இல்லையென்றால் பந்தையே விழுங்கிவிடும். பாஸ் அழுத்தினால் கேமரா பிடித்த அசல் படம் மட்டும்தான் நிற்கும். செருகியது மறைந்துவிடும். நான் காட்டிய நிரூபணத்தின் லட்சணம் இது.

இதையெல்லாம் அப்பாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இல்லாததை ஏம்ப்பா அச்சடிக்கிறான்?" என்றார்.

அணைத்தேன். பந்து ஒன்றானது. ஆனால் கேமரா பவுண்டரியை நோக்கித் திரும்பும்போது படம் நொண்டியது. இப்போது உண்மையான கோளாறு வெளியே தெரிந்தது. அதன்மேல்தான் நான் மெழுகு பூசி வைத்திருந்தேன்.

நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிவி ஒளிபரப்பும் அந்த 50-ஐ ஒட்டியே வளர்ந்தது, கிரிக்கெட்டும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. அப்பா டிவியின் பின்னால் நான் சொருகியிருந்த ஸ்ட்ரீமிங் ஸ்டிக் எப்போதும் 60-இலேயே நின்றது. ஐம்பதை அறுபதில் அடைக்க, ஐந்து படத்துக்கு ஒரு படத்தை இரண்டு தடவை காட்ட வேண்டும். நொடிக்குப் பத்துத் தடவை ஒரு சின்ன நொண்டல். ஸ்டிக்கின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில், வரும் படத்தின் வேகத்துக்கே திரையும் மாறட்டும் என்று ஒரு வரி இருந்தது. அதைப் போட்டதும் பாதி சரியானது. எல்லா ஆப்பும் அதை மதிப்பதில்லை. மதிக்காத ஆப்புக்குக் கையாலேயே 50-க்கு மாற்றிவிட்டேன்.

மீதிப் பாதி வைஃபை. ரூட்டர் முன் அறையில், டிவி ரெண்டு சுவர் தாண்டி. நேரலை என்பது சில நொடித் துண்டுகளாக வருகிறது. வரத்து குறைந்தால் ஆப் தானாகவே மட்டமான தரத்துக்கு இறங்கும், இறங்கும்போது படங்களின் எண்ணிக்கையும் பாதியாகக் குறையலாம். சாயங்காலம் தெரு முழுக்க வைஃபை. பாதி மேட்ச் இருபத்தைந்தில்தான் ஓடியிருக்கிறது. கடையில் 20 மீட்டர் லான் கேபிள் வாங்கி, கதவு நிலை ஓரமாக ஆணி அடித்து இழுத்தோம். ஒரு நல்ல எச்டி நேரலைக்கு நொடிக்குப் பத்து மெகாபிட் வந்தால் பெரும்பாலும் போதும். அது இடையில் அறாமல் வரவேண்டும், அவ்வளவுதான். ஆணி அடித்தது அப்பா. கோடு போட்ட மாதிரி நேராக அடித்தார். ஒரு ஓவர் பார்த்துவிட்டு, "இப்ப உக்காந்திருச்சு" என்றார். மெஷினில் நாலு கலரும் சேர்ந்துவிட்டால் சொல்கிற வார்த்தை அது.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுப் பையனிடமிருந்து சாவி திரும்பி வந்தது. யார் கேட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

ஒன்றை மட்டும் என்னால் சரிசெய்ய முடியவில்லை. படம் தடங்காமல் வழுவழுவென்று ஓட வேண்டும் என்றால் ஆப் கொஞ்சத்தை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். சேர்த்து வைப்பது என்றால் தாமதம். பக்கத்து வீட்டில் இன்னும் டிஷ்தான். அவர்கள் கத்தி முப்பது நொடி கழித்து நம் வீட்டில் விக்கெட் விழும். அப்பா இதற்கு ஒரு தொழில்நுட்பம் கண்டுபிடித்தார்: மேட்ச் அன்றைக்கு அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவார். சிவகாசி வெயிலில். அம்மா திட்டிக்கொண்டே விசிறிக்கொள்வாள்.

ஜூன் 29, டி20 உலகக் கோப்பை இறுதிப்போட்டி. பார்படாஸ். நான் சென்னையில், அவர் சிவகாசியில், நடுவில் போன் ஸ்பீக்கரில். ஒரே ஆப், ஆனாலும் அவருடையது என்னுடையதைவிட எட்டு, பத்து நொடி முன்னால் ஓடியது. ஆரம்பத்தில் இரண்டு தடவை "ஃபோர்" என்று கத்தினார். "அப்பா, எனக்கு இன்னும் பந்தே போடல" என்றேன். அதற்குப் பிறகு அமைதியாகிவிட்டார்.

கடைசி ஓவர், 16 ரன் வேண்டும். மில்லர் நிற்கிறார். என் திரையில் ஹர்திக் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. போனில் அம்மா "ஐயோ" என்று ஆரம்பித்தாள். "ச்சு, பேசாதே" என்று அப்பா அவளை அடக்கினார். அப்புறம் சத்தமே இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

என் திரையில் ஹர்திக் ஓடி வந்தார். ஃபுல்டாஸ். மில்லர் தூக்கினார். சூர்யகுமார் லாங்-ஆஃபில் எல்லைக் கோட்டோரமாக ஓடி வந்து பிடித்து, கோட்டைத் தாண்டுவதற்குள் மேலே எறிந்து, வெளியே போய், உள்ளே வந்து மறுபடி பிடித்தார்.

அப்பா இன்னும் பேசவில்லை. நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்ப்பா."

"பந்து ஒண்ணுதான?"