ஸ்பெஷல் பேட்ச்

என் மகன் மூன்றாம் வகுப்பு. எடை 41 கிலோ. "கொழுகொழுன்னு இருக்கான், கண்ணு படும்" என்று வெள்ளிக்கிழமை தவறாமல் சுற்றிப் போடுகிறார் என் அம்மா. கழிவது திருஷ்டி மட்டும்தான்.

போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். வராந்தாவில் சர்க்கரை போர்டு. 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளை வைக்கச் சொன்னதே, அதுதான். 300 மில்லி கோலாவில் சுமார் 8 ஸ்பூன் சர்க்கரை என்று எழுதி, நிஜ சர்க்கரையையே பொட்டலம் கட்டி ஒட்டியிருந்தார்கள். (எறும்புகளுக்கு சுற்றறிக்கை போகவில்லை போலும்!) 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் தினசரி கலோரியில் 13 சதவீதம் சர்க்கரையிலிருந்து வருகிறதாம். 5 சதவீதம்தான் வரலாமாம். பி.காம். படித்தவனுக்கு இது போதாதா? பட்ஜெட்டைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் செலவு!

அன்று முதல் பையன் ஆடிட்டராகிவிட்டான்.

"அப்பா, உங்க காபிக்கு எத்தனை ஸ்பூன்?"

"ரெண்டு."

"ஒரு நாளைக்கு எத்தனை காபி?"

பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"அஞ்சு" என்று சமையலறையிலிருந்து அப்ரூவர் ஆனாள் என் சகதர்மிணி.

உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த பண்டங்களை பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக்கூடாது என்று 2020-லேயே மத்திய அரசு விதி இருக்கிறது. எங்கள் பானிபூரிக்காரர் நிற்கும் இடத்தை அடி வைத்து அளந்தேன். என் கணக்குப்படி 52. சட்டத்தை மதிக்கிற மனுஷன்!

இதுவரை சிரிப்புதான். ஒரு சாயங்காலம் பையன் கேட்டான்: "பி.டி. பீரியட்ல என்னையும் இன்னும் நாலு பேரையும் தனியா ஓடச் சொல்றாங்கப்பா. ஸ்பெஷல் பேட்ச்சாம். மத்தவங்கள்லாம் கபடி. நான் ஸ்பெஷலாப்பா?"

எனக்கு சிங்கப்பூரில் வளர்ந்த பெரியப்பா மகன் ஞாபகம் வந்தது. 1992-ல் அங்கே 'ட்ரிம் அண்ட் ஃபிட்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். எடை கூடிய மாணவர்களைப் பிரித்தெடுத்துக் கூடுதல் உடற்பயிற்சி. சில பள்ளிகளில் இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிடுவார்கள், இவர்கள் ஓட வேண்டும். எடை குறைந்தவர்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் திட்டத்தின் சுருக்கப் பெயர் டி.ஏ.எஃப். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? திருப்பிப் படித்தார்கள். ஃபேட்! 2007-ல் அதை விட்டுவிட்டு எல்லா மாணவர்களுக்குமான ஆரோக்கியத் திட்டமாக மாற்றினார்கள். அண்ணனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆளும் இப்போது ஒல்லி. இன்னமும் பந்தியில் சாப்பிடும்போது இலையை மறைத்தாற்போல் குனிந்துகொள்வார்.

மறுநாள் பி.டி. சாரைப் பிடித்தேன்.

"ஓட விடுங்க சார், வேணாங்கல. மொத்த கிளாஸையும் ஓட விடுங்க."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பார்வை நடுவில் கொஞ்ச நேரம் நின்றது.

"செஞ்சிடலாம் சார். வீட்ல யாரு ஓடுறாங்க?"

அடுத்த வாரம் வகுப்பே ஓடியது. கபடி பறிபோன ஒல்லிப்பிச்சான்கள் எல்லாம் என் பையன் மேல் செம கோபத்தில் இருக்கிறார்களாம். காலை ஆறு மணிக்கு தெருமுனைப் பூங்காவில் நானும் அவனும் ஓடுகிறோம். அதாவது, அவன் ஓடுகிறான். நேற்று மூன்றாவது சுற்றில் நின்று, இடுப்பில் கை வைத்துக் கத்தினான்:

"ஸ்பெஷல் பேட்ச்... சீக்கிரம் வாங்க!"