கைதட்டுக்கு வளைந்த கோடு

தெரியாமல் செய்த தப்பு என்றால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். தெரிந்தே செய்தேன்.

புள்ளியியல் வகுப்பில் ஹஸார்டு சார்பை இப்படித்தான் தொடங்குவேன்: இதுவரை தாக்குப்பிடித்தவர்களில், அடுத்த கணம் விழப்போகிறவர்களின் வீதம். வகுப்பது மிஞ்சியவர்களைக் கொண்டு மட்டும். விழுந்தவர்கள் கணக்கிலேயே இல்லை. சூட்சுமமெல்லாம் அங்கேதான். பிறகு ஃபிராங்க் புரோஷன் 1963-இல் எழுதிய கட்டுரைக்கு வருவேன். போயிங் 720 விமானங்களின் ஏ.சி. பழுதுகளை ஒன்றாகக் கொட்டிப் பார்த்தால், நேரம் போகப் போக ஹஸார்டு குறைவதாகத் தெரியும். விமானம் விமானமாகப் பிரித்தால் குறைவதில்லை. வெவ்வேறு வீதங்கள் கலந்ததால் வந்த தோற்றம்.

இதையெல்லாம் நடத்துகிற நான், ஓர் ஆலோசனை மையத்துக்காக, சிகரெட்டை விட்டவர்கள் மறுபடி எப்போது பற்றவைக்கிறார்கள் என்று ஹஸார்டு வரைந்து கொடுத்தேன். கோடு அழகாகச் சரிந்தது. 'நாளுக்கு நாள் மனவுறுதி கூடுகிறது' என்று கீழே எழுதியதும் நான்தான். கூட்டத்தில் நல்ல கைதட்டு.

எழுதும்போதே கை கூசியது. பாதிப் பேருக்கு ஒரு நாளில் வழுக்கும் வாய்ப்பு 10%, மீதிப் பேருக்கு 1% என்று வையுங்கள். யாரும் துளிகூட மாற வேண்டாம். முதல் நாள் சராசரி 5.5%. 30 நாள் கழித்து மிஞ்சியவர்களிடம் அது சுமார் 1.5%. யாருடைய உறுதியும் கூடவில்லை. எளிதில் விழுபவர்கள் முன்னாலேயே விழுந்துவிட்டார்கள், அவ்வளவுதான். பழக்கத்தின் பிடி நிஜமாகவே தளர்ந்தும் இருக்கலாம். எது எவ்வளவு என்று அந்த ஒரு கோட்டை வைத்துச் சொல்ல முடியாது. இந்த வரியைத்தான் நான் விட்டுவிட்டேன்.

மையத்துக்கு வந்த பெரியவர் ஒருவர், "சார், ஒரு மாசம் தாண்டிட்டேன். இனிமே பயமில்லையே?" என்றார். "கிராஃபே சொல்லுதேய்யா" என்றேன். அவர் எந்தப் பாதி என்று எனக்கெப்படித் தெரியும்? அப்புறம் அவரை அங்கே பார்க்கவில்லை. விசாரிக்கவும் இல்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே.

நல்லதுக்குச் சொன்ன பொய் என்று மனசு வாதாடிப் பார்க்கிறது. அதுவும் பொய். கைதட்டு வேண்டியிருந்தது.

அதே வாரம் விடைத்தாள் திருத்தினேன். கலவைப் பரவல் கேள்வியில் ஒரு மாணவன் அச்சு அசலாக என் தப்பையே செய்திருந்தான். ஓரத்தில் சிவப்பு மையில் 'மிஞ்சியது யார் என்று யோசித்தாயா?' என்று கிறுக்கி, மார்க்கைக் குறைத்தேன்.