இருதலை மடமை

பாம்புக்கு இரண்டு தலை உண்டென்று நம்பியவர்கள், தமக்கு இருக்கும் ஒரு தலையைப் பயன்படுத்த மறந்த கதை இது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் புன்செய்க் கொல்லைகளில் மண்ணுளிப் பாம்பைக் காணாத உழவர் குறைவு. இருதலை மணியன் என்பதும் அதுவே. பெரும்பாலும் மூன்றடிக்கு மிகாத உடல், நஞ்சு இல்லை. பகலில் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். இருட்டியபின் வெளிப்பட்டு எலியைச் சுற்றி நெரித்து உண்ணும். திண்டிவனத்தில் உருவான மணிலா வகைகள் டி.எம்.வி. என்று அவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அந்த மணிலாவை எலி தின்னாமல் காக்கும் கூலி கேட்காத காவலாள் இந்தப் பாம்பு.

காவலாளுக்கு நாம் தந்த பரிசு என்ன?

"மண்ணுளி நக்கினால் குட்டம் வரும்" என்று எங்கள் ஆயா சொல்வார். கண்ட இடத்திலெல்லாம் அதை அடித்துக் கொன்றனர். குட்டநோய்க்குக் காரணம் நுண்கிருமி என்று நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். நூறாண்டு கடந்தும் எங்கள் தெருவில் பாம்புதான் குற்றவாளி! அதனினும் கொடுமை, நோயுற்ற மனிதனையும் பாவம் செய்தவன் என்று பழித்து ஊருக்கு வெளியே நிறுத்தினர்.

காலம் மாறிற்று; மடமை மாறவில்லை, உடை மட்டும் மாற்றிக்கொண்டது. அதே பாம்பு வீட்டிலிருந்தால் செல்வம் கொழிக்கும் என்றனர். தீராத நோய் தீரும் என்றனர். வெளிநாட்டார் எடை போட்டு இலட்சக்கணக்கில் வாங்குவர் என்றனர். என் மாமா ஒருவர், மகள் திருமணத்திற்குச் சேர்த்த பணத்தை முன்பணமாகத் தரகன் ஒருவனிடம் கொடுத்தார். தரகனும் வரவில்லை, பணமும் வரவில்லை. "எப்படி நம்பினீர்கள், மாமா?" என்றேன். "எல்லாரும் சொன்னார்களே, மாப்பிள்ளை" என்றார்.

எல்லாரும் சொன்னார்கள்! ஆயாவின் அச்சத்திற்கும் அதுவே சான்று. மாமாவின் ஆசைக்கும் அதுவே சான்று. அச்சமும் பேராசையும் ஆராயாமை என்னும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஆராய்ந்தவர் கண்டது என்ன? இரண்டாம் தலை என்பது மழுங்கிய வால். பகை நெருங்கினால் பாம்பு தலையை உடலுக்கடியில் ஒளித்து, வாலை உயர்த்திக் காட்டும். அடி வாலில் விழும், உயிர் தப்பும். அந்த வாலைக் கீறிக் கண்ணும் வாயும் அமைத்துக் காசு பார்த்த வித்தைக்காரரும் உண்டு. பாம்பு ஏமாற்றுவது உயிர் காக்க. மனிதன் ஏமாற்றுவது பை நிரப்ப.

தரங்கம்பாடிக்கு மதம் பரப்ப வந்தவர் கிறித்தோப் சாமுவேல் ஜான். அவரே ஆயினும் நம் மண்ணின் உயிரினங்களைத் தேடி ஆராய்ந்தார். அவர் பெயரையே 1801-இல் இரசல் இப்பாம்பின் அறிவியற் பெயரில் பொறித்தார். இரண்டு நூற்றாண்டு கழிந்தபின்னும் இதே மண்ணில் பிறந்த நாம், தரகன் வாயிலிருந்து பாம்பைப் பற்றித் தெரிந்துகொள்வதா?

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம், சிறைத்தண்டனை உண்டு. ஆனால் சட்டம் கையைத்தான் கட்டும், கருத்தைத் திருத்தாது. அது இளைஞர்களின் வேலை. ஊரில் எவனேனும் மண்ணுளியின் மகிமை பேச வந்தால் கேளுங்கள்: வாங்கியவர் யார்? செய்த மருந்து எது? தீர்ந்த நோய் எது? நீ கண்டாயா, கேட்டாயா? நான்காம் கேள்விக்கு முன்பே அவன் புறப்பட்டுவிடுவான். பாம்பும் பிழைக்கும், பணமும் பிழைக்கும்.

இரண்டு தலை வேண்டா, தோழர்களே. கேள்வி கேட்கும் ஒரு தலை போதும்.