எத்தனையில் இத்தனை?

நம் அமைப்புகளில் ஒரு பழக்கம் உண்டு. எக்செல், அறிக்கை, புள்ளிவிவரம் எல்லாம் “கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி”யின் வேலை. களத்துக்குப் போகிறவர்கள் தகவலைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். அந்தத் தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டால், பல வருட விவரமும் அவரோடு போய்விடும். தரவு படிக்கத் தெரிந்த ஒருவர் அமைப்பில் இருப்பது வேறு. அமைப்புக்கே தரவு படிக்கத் தெரிவது வேறு.

சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமங்களில் வன்கொடுமையால் பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்கிறேன். எங்கள் களப்பணியாளர்களில் பலர் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர்கள். “தரவு” என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு தயக்கம் வரும். ஆனால் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்த அக்காவுக்கு எத்தனை ஷிப்டு, எவ்வளவு பிடித்தம் என்பது விரல் நுனியில் இருக்கும். மகளிர் குழு நோட்டில் ஒரு தவணை விடுபட்டால் உடனே கண்டுபிடிப்பார்கள். நூறு நாள் வேலை அட்டையில் ஒரு நாள் குறைந்தாலும் விடமாட்டார்கள். கணக்கு இவர்களுக்குப் புதிதல்ல, சட்டமும் அறிக்கையும் பேசும் மொழிதான் புதிது. எனவே பயிற்சியை அவர்களுடைய நோட்டிலிருந்தே தொடங்கினோம்.

முதல் பாடம் சதவீதம். ஒரு கற்பனைக் கணக்கு போட்டேன்: 100 வழக்குகள், விசாரணை முடிந்தவை 10, தண்டனை 3. தண்டனை விகிதம் எவ்வளவு? என்.சி.ஆர்.பி. எனப்படும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் முறைப்படி, விசாரணை முடிந்த வழக்குகளை வைத்துத்தான் அதைக் கணக்கிட வேண்டும். ஆகவே 30 சதவீதம். மில் அக்கா உடனே கேட்டார்: “அப்ப மிச்சம் தொண்ணூறு எங்கம்மா போச்சு?” அந்தக் கேள்விதான் தரவு அறிவு. மீதி எல்லாம் சாஃப்ட்வேர்.

அதே காப்பகம் ஒரு லட்சம் பட்டியல் சாதியினருக்கு எத்தனை குற்றம் என்ற விகிதத்தையும் தருகிறது. அதற்கு எடுத்துக்கொள்ளும் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பினுடையது. தமிழ்நாட்டில் அப்போது நாம் சுமார் 1.44 கோடிப் பேர், மாநிலத்தில் 20 சதவீதம். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை. இன்னொன்றும் உண்டு: அந்த அறிக்கை எண்ணுவது பதிவான வழக்குகளை மட்டும்தான். எஃப்.ஐ.ஆர். போட மறுக்கும் இடத்தில் எண் குறைவாகத்தான் இருக்கும். அதை அமைதி என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அடுத்து எங்கள் பதிவேட்டை மாற்றினோம். ஒவ்வொரு வழக்குக்கும் ஐந்து தேதிகள்: சம்பவம், புகார், எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, நிவாரணம் கைக்கு வந்த நாள். தேதி வெறும் தேதி அல்ல. வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 2016இல் வந்த திருத்தத்தின்படி, விசாரணையை முடித்து 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். சாதி சொல்லி இழிவுபடுத்திய வழக்கில் அந்தத் திருத்தம் வைத்த நிவாரணம் 1 லட்சம் ரூபாய். 25 சதவீதம் எஃப்.ஐ.ஆர். கட்டத்தில், 50 சதவீதம் குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும், மீதி கீழ்நீதிமன்றத்தில் தண்டனை கிடைத்ததும். நான்காவது கட்டம் காலியாகக் கிடந்தால், ஒரு குடும்பத்துக்கு வர வேண்டிய பாதிப் பணம் நிற்கிறது என்று பொருள். இது புரிந்த பிறகு யாரும் தேதியை “பிறகு எழுதலாம்” என்று விடுவதில்லை.

பயிற்சி பலித்ததா என்பதை எப்படி அளப்பது? எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை சான்றிதழ் கொடுத்தோம் என்பதெல்லாம் நன்கொடை தருபவருக்கான கணக்கு. நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் பதிவேட்டிலிருந்தே ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து நான்கு கேள்விகள் கேட்கிறோம். இது எதை எண்ணியது? எத்தனையில் இத்தனை? எண்ணியது யார், விடுபட்டது யார்? இதை வைத்து நாளை யாரிடம் என்ன கேட்பீர்கள்? பொறுப்பாளர், கணக்காளர், வண்டி ஓட்டும் அண்ணன், எல்லோருக்கும் இதே கேள்விகள்தான். நான்காவது கேள்விக்கு வரும் பதிலைத்தான் முக்கியமாகப் பார்க்கிறோம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. அங்கே வைக்கும் மனுவில் “நிறைய வழக்குகள் நிலுவையில் உள்ளன” என்று எழுதுவதற்கும், “60 நாள் தாண்டிய வழக்குகள் இவை, தேதிகள் இவை” என்று எழுதுவதற்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் எங்கள் குழுவில் கூடியிருக்கிறார்கள்.

1895இல் அமெரிக்காவில் ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர், கும்பல் கொலைகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது வெள்ளையர் நடத்திய ‘சிகாகோ டிரிப்யூன்’ நாளிதழின் எண்களை. மிகைப்படுத்துகிறார் என்று யாரும் சொல்ல முடியாதபடி, எதிர்த்தரப்பின் கணக்கைக் கொண்டே பேசினார். நம் கையில் ஆர்.டி.ஐ. இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். எக்செல் தெரியும் என்று ஓர் அமைப்புக்குள் போகிறீர்கள் என்றால், அந்த வேலையை உங்கள் லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். பதிவேட்டை எடுத்து, அங்கே கம்ப்யூட்டர் தொடாத ஒருவரிடம் காலியான கட்டத்தைக் காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள். அவர் சொல்லும்வரை கூட உட்காருங்கள்.