முன்பணம் செலவாகாது

கடந்த மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தில் ஓர் இரவு, எங்கள் சபையின் வாலிபன் ஒருவன் ரஞ்சன்காவில் நான் குடியிருக்கும் வீட்டின் கதவைத் தட்டினான். அவனுடைய தகப்பனார் இங்குள்ள தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. பி.காம். முடித்த பையன், அரசு மானியங்களைக் கண்காணிக்கும் அலுவலகம் ஒன்றில் அனலிஸ்ட்டாகச் சேர்ந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. அவன் முகம் வாடியிருந்தது.

“உன் வேலைதான் என்ன தம்பி? முதலில் அதைச் சொல்” என்றேன். அதுவரை நான் அதைக் கேட்டதே இல்லை.

அவன் நம் ஊர்க் கணக்கையே எடுத்துக்காட்டினான். ரஞ்சன்காவ் மூன்றாம் கட்டத்தில் மின்னணு உற்பத்தித் தொகுப்பு அமைக்க 2022 அக்டோபரில் மத்திய அரசின் ஒப்புதல் அறிவிக்கப்பட்டது. மொத்த மதிப்பீடு 492.85 கோடி ரூபாய். அதில் மத்திய அரசின் உதவி 207.98 கோடி. 2020-இல் வந்த அந்தத் திட்டத்தின்படி செலவில் பாதிவரை உதவி உண்டு. பாதி என்றால் 246 கோடிக்கு மேல் வர வேண்டும். ஆனால் 100 ஏக்கருக்கு 70 கோடிக்கு மேல் கூடாது என்று ஓர் உச்சவரம்பும் உண்டு. நிலமோ 297.11 ஏக்கர். பெருக்கிப் பார்த்தால் 207.98 கோடிதான் வரும்.

“நான் பார்க்கும் கோப்பு இதுவல்ல ஐயா. ஆனால் இப்படிப்பட்ட பெருக்கலைச் சரிபார்ப்பதுதான் என் போன்ற புதியவனுக்குத் தரும் முதல் வேலை” என்றான்.

பணம் தவணைகளாகப் போகிறது. பெற்ற நிறுவனம், 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி, நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். மானியத்துக்கு வங்கியில் கிடைத்த வட்டியும் அரசுக்கே திரும்ப வேண்டும். அனுமதி ஆணையையும், பில்களையும், வங்கிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிடுகிறவன் இந்தப் பையன்.

அவனுடைய பிரச்சினை ஒரே ஒரு வரியில் இருந்தது. மானியம் பெற்ற நிறுவனமொன்று, கட்டடம் கட்ட ஒப்பந்தக்காரருக்கு 18 லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தது. அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை. ஆனால் சான்றிதழில் அத்தொகை முழுவதும் செலவாகிவிட்டதென்று எழுதியிருந்தது. “யாரும் திருடவில்லையே, கட்டடம் எப்படியும் வரும், காலைக்குள் சரி என்று குறித்து அனுப்பு” என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். இவனோ இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருக்கிறான். வீட்டில் அக்காள் திருமணத்துக்கு வாங்கிய கடன் இருக்கிறது.

“மேலதிகாரிக்குக் கீழ்ப்படி” என்று சொல்லத்தான் என் நாவு எழும்பிற்று. அப்போது பழைய நினைவொன்று என்னைத் தடுத்தது.

வேதாகமக் கல்லூரி முடித்து நான் ஊழியத்தைத் தொடங்கிய கிராமத்தில், விதவைத் தாயார் ஒருவர் ஜெப வீட்டுக்குத் தகரக் கூரை போட 12,000 ரூபாய் கொடுத்தார்கள். அந்த மாதமே இரண்டு குடும்பங்கள் மருத்துவமனையில் கிடந்தன. பணத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். பின்பு அந்தத் தாயாருக்கு, “கூரை வேலை நடந்துகொண்டிருக்கிறது” என்று கடிதம் எழுதினேன். பத்து மாதம் கழித்து அவர்கள் வந்து, ஓலைக் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். “மருத்துவமனைக்கு என்று கேட்டிருந்தால் அதற்கும் கொடுத்திருப்பேனே, ஐயா” என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

இதை அவனிடம் மறைக்காமல் சொன்னேன். “நோயாளிகளுக்குக் கொடுத்ததற்காக நான் வெட்கப்பட்டதில்லை தம்பி. அந்தக் கடிதத்துக்காகத்தான் இன்றும் வெட்கப்படுகிறேன்.”

அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அந்தப் படிவத்திலேயே ‘சரிக்கட்டப்படாத முன்பணம்’ என்று தனி இடம் இருக்கிறது ஐயா. உள்ளதை அங்கே எழுதினால் போதும்” என்றான்.

மறுநாள் காலை, 18 லட்சத்தை அந்த இடத்தில் காட்டும்படி குறிப்பெழுதிக் கோப்பை அனுப்பினான். நிறுவனத்தின் அடுத்த தவணை தாமதமாயிற்று. கோப்பு இவன் கையிலிருந்து எடுக்கப்பட்டது. தகுதிகாண் பருவமும் மூன்று மாதம் நீண்டது. அவன் தாயார் என்னிடம் வந்து, “பிள்ளைக்கு இப்படியா ஆலோசனை சொல்வது?” என்று கண்ணீரோடு கேட்டார்கள். அவர்களுக்கு ஏற்ற பதில் என்னிடம் இல்லை. அந்த மூன்று மாதமும் நான் நிம்மதியாக உறங்கவில்லை. பின்பு வேலை நிரந்தரமானது. அதே மேசையில் வேறு கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைப் பவுல் தனியே கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரையும் உடன் சேர்த்துக்கொண்டார். அப்போஸ்தலனின் கணக்கையும் பார்க்க இன்னொரு கண் தேவைப்பட்டது.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் மாலையில் வீடு திரும்பும்போது சம்பளத்தை மட்டும் விசாரியாதிருங்கள். இன்று எந்தத் தாளில் கையெழுத்திட்டார்கள் என்றும் கேளுங்கள்.

எங்கள் சபைக் கணக்குப் புத்தகத்தில் இப்போது ஒரு புதிய பத்தி இருக்கிறது. ‘முன்பணம்’ என்று அதற்கு மேலே கோடு போட்டு எழுதித் தந்தவன் அந்த வாலிபன்தான்.