இல்லாத இரும்பு

அரிசோனாவின் விண்கல் பள்ளத்துக்குள் பயணிகளை இறங்கவிடுவதில்லை. அகலம் சுமார் 1.2 கிலோமீட்டர், ஆழம் 170 மீட்டர். விளிம்பில் நின்று தொலைநோக்கியில் கண்ணை வைத்தால், நடுத்தரையில் பழைய சுரங்க வேலையின் மிச்சசொச்சம் தெரிகிறது. சுற்றியிருந்தவர்கள் 50,000 ஆண்டுகளுக்கு முன் விழுந்த விண்கல்லை வியந்துகொண்டிருக்க, நான் அந்தப் பழைய இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1903-ல் டேனியல் பாரிஞ்சர் என்ற சுரங்கப் பொறியாளர் இங்கே உரிமை வாங்கினார். சுற்றிலும் இரும்புத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. அப்படியானால் முழு இரும்பும் அடியில்தானே இருக்க வேண்டும்? பத்துக் கோடி டன் என்று கணக்குப் போட்டார். நடுவில் துளையிட்டார், இல்லை. சாய்வாக வந்து விழுந்திருக்கும் என்று தெற்கு விளிம்புக்குப் போனார்.

இந்த நோய் எனக்குத் தெரியும். தேங்காய் உள்ளங்கையில் நிமிர்ந்து நின்ற இடத்தில் என் பெரியப்பா போர் போட்டார். வந்ததெல்லாம் வெள்ளைப் புழுதி. வண்டிக்காரர், “நிறுத்திடலாமாங்க?” என்பார். முகமெல்லாம் மாவு பூசியதுபோல நின்ற பெரியப்பா, “இன்னும் ரெண்டு ராடு இறக்குப்பா” என்பார். பெரியம்மாவின் வளையல் அந்தக் குழிக்குள்தான் போயிற்று.

பாரிஞ்சருக்கு முன்பே, 1891-ல், கில்பர்ட் என்ற பெரிய நிலவியலாளர் வந்து பார்த்திருந்தார். அடியில் இரும்பு இருந்தால் காந்த ஊசி காட்டிக்கொடுக்கும், காட்டவில்லை. நீராவி வெடித்த பள்ளம் என்று முடிவுகட்டினார். நிலாவின் பள்ளங்கள் மோதலால் உண்டானவை என்று பிறகு வாதாடியவரும் இவரேதான்!

இரும்பு இல்லை, ஆகவே எதுவும் விழவில்லை என்றார் கில்பர்ட். விழுந்தது, ஆகவே இரும்பு இருக்கிறது என்றார் பாரிஞ்சர். வாதம் எதிரெதிர், நம்பிக்கை ஒன்றே. இவ்வளவு பெரிதாக வந்தது இல்லாமலே போய்விடுமா என்பது. போய்விடும் என்று 1929-ல் வானியலாளர் மோல்டன் கணக்கிட்டுச் சொன்னார்: வந்தது 3 லட்சம் டன்தான், மோதிய வேகத்தில் பெரும்பகுதி ஆவி. அந்த நவம்பரிலேயே பாரிஞ்சர் மாரடைப்பில் இறந்தார்.

இரும்பு கிடைத்திருந்தால் இடத்தைக் குதறிப் போட்டிருப்பார்கள். கிடைக்காததால் பள்ளம் பள்ளமாகவே தப்பியது; நிலாவுக்குப் புறப்படுமுன் அப்பல்லோ வீரர்கள் இங்கே பயிற்சி பெற்றார்கள். இன்றும் இது பாரிஞ்சர் குடும்பத்தின் சொத்து. ஒன்றுமில்லாத பள்ளத்தைப் பார்க்க ஆட்கள் வரிசையில் நின்று காசு கொடுப்பார்கள் என்பது ஒன்றுதான் அந்தக் கெட்டிக்காரப் பொறியாளர் போடாமல் விட்ட கணக்கு.