பாதையில் விதைப்பானா விவசாயி?

ஜூலை 10, 2023, திங்கள்

பெரம்பலூர் மாவட்டத்து வாலிகண்டபுரத்தை ஒட்டிய கிளைக் கிராமம் அது. பங்குத்தந்தைக்குப் பல ஊர்கள் இருப்பதால் வரும் ஞாயிறு அவர் இங்கே வர முடியாது. இறைவார்த்தை வழிபாட்டை நடத்தும் பொறுப்பு, பிரசங்கம் பழகிவரும் இளம் உபதேசியாருக்கு வந்திருக்கிறது. திருப்பலியில் மறையுரை ஆற்றுவது குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டுமே உரியது என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 767ஆம் எண். குரு இல்லாத ஞாயிறுகளில் வாசகத்தை விளக்கும் வேலை பொதுநிலையினர் கைக்கு வருவதுண்டு. அதைச் சின்ன வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த வாரம் முழுக்க ஓர் ஊருக்குக் கிடைக்கும் இறைவார்த்தை விளக்கம் அது ஒன்றுதான்.

வாசகம் மத்தேயு 13, விதைப்பவர் உவமை. உட்கார்ந்த உடனேயே குறிப்பேட்டில் தலைப்பு விழுந்துவிடுகிறது: நீங்கள் எந்த நிலம்? பாதை, பாறை, முட்புதர், நல்ல நிலம் என்று நான்கு பகுதிகள். எந்த மேடையிலும் கேட்கக்கூடிய பிரசங்கம்.

ஜூலை 11, செவ்வாய்

அந்த உவமையைத் தேநீர்க் கடையில் ஒரு பெரியவருக்கு வாசித்துக் காட்டுகிறார் உபதேசியார். கேட்டு முடித்த பெரியவர் முகத்தில் பக்தி தெரியவில்லை, கேள்விதான் தெரிகிறது.

“ஏன் தம்பி, எந்த வெள்ளாமைக்காரன் வெதையக் கொண்டுபோயி பாதையில போடுவான்? வெத விக்கிற வெலைக்கு!”

மக்காச்சோளத்தைப் பார் பிடித்து, இடைவெளி பார்த்து, ஒவ்வொரு விதையாகக் கையால் ஊன்றும் மண் இது. பருத்தியும் அப்படித்தான், சின்ன வெங்காயமும் அப்படித்தான். கையை வீசி விதைக்கும் அந்த மனிதர் இவர்கள் கண்ணுக்குக் கவனமில்லாதவராகத் தெரிகிறார். விவிலிய நூல்களில் படித்து வந்த கேள்விகளைவிட இந்தக் கேள்வி கூர்மையானது.

ஜூலை 12, புதன்

பதில் தேடும் நாள். ஜெர்மானிய விவிலிய அறிஞர் யோவாகிம் எரேமியாஸ் உவமைகளைப் பற்றிய தம் நூலில் ஒரு விளக்கம் தருகிறார். அன்றைய பாலஸ்தீனத்தில் முதலில் விதையைத் தூவி, பிறகுதான் உழுவார்கள். அறுவடைக்குப் பின் ஊரார் நடந்து உண்டான ஒற்றையடிப் பாதையும் உழவுக்குள் வந்துவிடும் என்கிறார். எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. ஆனாலும் பெரியவரிடம் கொண்டுபோக ஒரு பதில் கிடைத்துவிட்டது. அந்த விவசாயிக்கு விவரம் போதாது என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வரும் ஞாயிறின் முதல் வாசகம் எசாயா 55. வானிலிருந்து இறங்கும் மழை விதைப்பவனுக்கு விதையைத் தந்துவிட்டுத்தான் திரும்பும், அதுபோல இறைவார்த்தையும் வெறுமையாய்த் திரும்பாது என்பது அதன் பொருள். மானாவாரிப் பூமியில் இந்த வாசகத்துக்கு அகராதி தேவையில்லை.

ஜூலை 13, வியாழன்

மக்கள் பேச்சில் போதிக்கும் வேலைக்கு இந்த மாவட்டங்களில் ஒரு பழைய ஆசான் இருக்கிறார். பக்கத்து அரியலூர் மாவட்டத்தின் ஏலாக்குறிச்சியில் தங்கி உழைத்த வீரமாமுனிவர்தான் அவர். 1680இல் இத்தாலியில் பிறந்தவர். ‘தேம்பாவணி’ பாடிய புலவர் என்றே பள்ளிப் புத்தகம் அவரைச் சொல்கிறது. ஊர் ஊராய்ப் போய்ப் போதித்த வேதியர்களுக்காக, அதாவது அன்றைய உபதேசியார்களுக்காக, அவர் ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலும் எழுதினார். காவியம் பாடத் தெரிந்தவர், பேச்சுத் தமிழுக்கும் தனியே ஓர் இலக்கணம் எழுதினார். வெளிநாட்டிலிருந்து வரும் குருக்கள் மக்களோடு பேசப் பழக வேண்டுமே! அந்த இலக்கணத்தை 1738இல் அச்சிட்டவர்கள் யார் தெரியுமா? அவர் எழுத்தில் வன்மையாக எதிர்த்து வாதிட்ட தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகள். கொள்கையில் மோதிக்கொண்டாலும், சந்தையில் பேசும் தமிழ் தெரியாமல் பிரசங்கம் இல்லை என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

தரங்கம்பாடியின் கதையும் அதுவே. 1706 ஜூலை 9 அன்று கரை இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1707 ஆகஸ்டில் புதிய ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டபோது தமிழிலும் பிரசங்கம் நடந்தது. போதிக்க வந்தவர் முதலில் மாணவராகத் தரையில் உட்கார்ந்ததை உபதேசியார் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வைக்கிறார்.

ஜூலை 14, வெள்ளி

2018இல் அமெரிக்கப் படைப்புழு தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் இறங்கியபோது பெரம்பலூர் பெரிய அடி வாங்கியது. புழு குருத்துக்குள் புகுந்து தின்றது. நல்ல மண், நல்ல விதை, நேரத்துக்கு உரம் என்று எல்லாம் இருந்தும் கதிர் வரவில்லை. அந்த ஆண்டைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை பாயில் உட்காரப் போகிறார்கள். விளையாத மனசெல்லாம் கெட்ட நிலம் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

இங்கேதான் பிரசங்கம் திரும்புகிறது. நிலங்களைப் பற்றிய விளக்கம் இயேசுவே தந்தது, 18 முதல் 23 வரை உள்ள வசனங்களில் இருக்கிறது. அதைத் தாண்டிப் போக யாருக்கும் உரிமையில்லை. ஆனால் உவமையின் முதல் ஆள் விதைப்பவர். மூன்று இடங்களில் விதை வீணாகியும் அவர் கை நிற்கவில்லை. அடுத்த பட்டத்துக்கு மறுபடி உழுத இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் கையைத் தெரியும். ‘நீங்கள் எந்த நிலம்?’ என்ற தலைப்பை உபதேசியார் அடித்துவிட்டு, ‘அவர் விதைப்பதை நிறுத்தவில்லை’ என்று எழுதுகிறார்.

முட்புதருக்கும் இதே கவனம் வேண்டும். வார்த்தையை நெருக்குவது உலகக் கவலை என்கிறது 22ஆம் வசனம். நகைக்கடனும் உரக்கடைப் பாக்கியும் உள்ளவரை அது குற்றம் சாட்டுவது போல ஒலிக்கக் கூடாது. அவர் கழுத்தில் அது இறுகுவதை இயேசு பார்த்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும்.

ஜூலை 15, சனி

வாய்விட்டுப் பேசிப் பார்க்கும் நாள். எரேமியாஸின் பெயர் போகிறது, அவர் தந்த விளக்கம் நிற்கிறது. வீரமாமுனிவரும் போகிறார். ஆயத்தம் செய்யாத போதகர் தாம் பெற்ற கொடைகளுக்கு நேர்மையற்றவர் என்ற கருத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ மடலில் கடுமையாகவே எழுதினார். மறையுரைக்கென்று அந்த மடலில் பல பக்கங்கள் உண்டு. மக்கள் பேச்சுக்குக் காது கொடுக்கச் சொல்லும் பகுதியும் அவற்றில் இருக்கிறது. ஆயத்தத்தில் பாதி வேலை வெட்டி எறிவதுதான். திரட்டியதையெல்லாம் கொட்டினால் கேட்பவர் எதைக் கையில் எடுத்துக்கொண்டு போவார்?

ஜூலை 16, ஞாயிறு

பிரசங்கம் பெரியவரின் கேள்வியோடு தொடங்குகிறது, அவர் அனுமதியோடு. சபையில் சிரிப்பு எழுகிறது, பிறகு எல்லார் கவனமும் திரும்புகிறது. படைப்புழு வந்த வருஷத்தைச் சொல்லும்போது பெண்கள் பக்கத்தில் தலைகள் அசைகின்றன. பேச்சு சுருக்கமாகவே முடிகிறது.

வெளியே வந்ததும் பெரியவர், “உழுறதுக்கு முன்னாடி வெதச்சா சரிதான்,” என்று ஒப்புக்கொள்கிறார். “ஆனா நூறு மடங்கு வெளையும்னு சொன்னியே, அது எப்புடின்னு சொல்லலையே?” அதற்கு உபதேசியாரிடம் பதில் இல்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்.

ஜூலை 17, திங்கள்

ஆடி முதல் நாள். அடுத்த ஞாயிறு வாசகம் அதே மத்தேயு 13இல் கோதுமையும் களைகளும். அறுவடைவரை களையைப் பிடுங்க வேண்டாம் என்கிறார் அந்த நில உரிமையாளர். வெங்காயக் காட்டில் களைவெட்டும் பெண்கள் இதை எப்படி ஏற்பார்கள்? நூல்களைத் திறக்கும் முன்பே உபதேசியார் காட்டுப் பக்கம் கிளம்பிவிட்டார்.